பெர்சி ஜாக்சனும் போத்துராஜாவும்: பழைய புராணம் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது?

சித்திரை வெயிலில் திண்டிவனத்துக்குப் போயிருந்தேன். சித்தப்பா வீட்டில், மின்விசிறிக்கு நேர் கீழே பாயைப் போட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டு தடிமனான ஒரு இங்கிலீஷ் நாவலைப் படித்துக்கொண்டிருந்தாள் தங்கச்சி. ஒன்பதாம் வகுப்புப் பரீட்சை முடித்திருக்கிறாள். "சாப்பிட வாடி" என்று சித்தி மூன்று முறை கூப்பிட்டும் அசையவில்லை.

"இன்னாடி கதை?"

"மகாபாரதம்க்கா. ஆனா பாண்டவருங்க எல்லாம் பொண்ணுங்க. சகுனி புறாவா வர்றான்."

திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆயாவுக்கு இது காதில் விழுந்துவிட்டது. "சகுனி எந்தக் கூத்துலடி புறாவா வந்தான்? நான் பாக்காத பாரதமா?"

ஆயா சும்மா சொல்லவில்லை. செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம் சுற்றுவட்டாரத்தில் பிறந்து வளர்ந்த அவர் வயதுக்காரர்களுக்கு மகாபாரதம் என்பது படித்த கதை இல்லை. ராத்திரி முழுக்க முழித்திருந்து பார்த்த கதை. பேத்திக்கோ அது கொரியரில் வந்த கதை. ஒரே வீட்டில் இரண்டு பாரதம். அன்றைக்குச் சாப்பாட்டில் நடந்த சண்டையைக் கேட்டபோதுதான் இந்தக் கட்டுரைக்கு விதை விழுந்தது.

புறாவாக வரும் சகுனி

முதலில் அந்தப் புத்தகம். 'அரு ஷா அண்ட் தி எண்ட் ஆஃப் டைம்', 2018-ல் வந்தது. எழுதியவர் ரோஷனி சோக்‌ஷி. அமெரிக்காவின் அட்லாண்டாவில், அம்மா நடத்தும் மியூசியத்திலேயே குடியிருக்கும் 12 வயது அரு, பள்ளித் தோழிகளிடம் பெருமை அடித்துக்கொள்ளப் பொய் சொல்பவள். அவர்கள் சவால் விட, தொடக்கூடாத ஒரு விளக்கை ஏற்றிவிடுகிறாள். உலகமே ஆபத்தில் மாட்டுகிறது. அப்புறம்தான் தெரிகிறது, அவளுக்குள் இருப்பது அர்ஜுனனின் ஆன்மா, அவள் தகப்பன் இந்திரன் என்று. கூட வரும் மினி, தர்மராஜனின் மகள். பார்ப்பதற்கெல்லாம் பயப்படுகிற, வியாதிகளின் பெயரை மனப்பாடமாக ஒப்பிக்கிற பெண். இவர்களுக்கு வழிகாட்டி, 'பூ' என்று செல்லப் பெயர் வைக்கப்பட்ட ஒரு புறா. அந்தப் புறாதான் பழைய பாவத்துக்குப் பிராயச்சித்தம் தேடும் சகுனி. ஆயாவுக்கு ரத்தக்கொதிப்பு ஏறாமல் என்ன செய்யும்!

இந்த வகைக் கதைகளுக்குப் பெரிய கதவைத் திறந்துவிட்டவர் ரிக் ரியோர்டன். பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவர் மகனுக்குக் கவனக்குறைபாடும் எழுத்துகளைப் படிப்பதில் சிரமம் தரும் டிஸ்லெக்சியாவும் இருந்தன. ராத்திரி தூங்கும்முன் மகனுக்கு கிரேக்கப் புராணக் கதைகளைச் சொல்லி வந்தார். தெரிந்த கதையெல்லாம் தீர்ந்துபோய், 'புதுசா ஒண்ணு சொல்லுப்பா' என்ற நிலை வந்தபோது உருவானவன்தான் பெர்சி ஜாக்சன். 2005-ல் முதல் நாவல் வந்தது. பள்ளியில் எல்லோரும் 'பிரச்னைப் பிள்ளை' என்று ஒதுக்கும் பெர்சிக்கு, அவன் கடல் தெய்வம் போசைடனின் மகன் என்று தெரியவருகிறது. எழுத்துகள் அவன் கண்ணுக்குக் குழம்பித் தெரிவதற்குக் காரணம், அவன் மூளை ஆங்கிலத்துக்காக அல்ல, பழைய கிரேக்கத்துக்காக அமைந்தது என்பதுதானாம். ஒரு அப்பா தன் மகனுக்குச் சொன்ன ஆறுதல் அது. 'உனக்கு வராதது உன் குறை இல்லடா' என்பதை இவ்வளவு அழகாக யாரும் சொல்லிவிட முடியாது.

பிறகு அவர் பெயரிலேயே ஒரு பதிப்பு வரிசை தொடங்கி, மற்ற நாட்டுப் புராணங்களை அந்தந்தப் பின்னணி எழுத்தாளர்களையே எழுத வைத்தார்கள். அந்த வரிசையின் முதல் புத்தகம்தான் அரு ஷா. பதிப்பகக் கணக்கில் இதெல்லாம் 8 முதல் 12 வயதுக்கான 'மிடில் கிரேடு'. அதற்கு மேல்தான் 'யங் அடல்ட்'. நம் ஊரில் இந்தப் பாகுபாடெல்லாம் இல்லை. பாடப்புத்தகம், கதைப் புத்தகம் என்ற இரண்டே வகைதான். அதனால் நானும் சேர்த்தே பேசுகிறேன்.

முடிவு தெரிந்த கதையில் என்ன சுவாரஸ்யம்?

தங்கச்சியிடம் கேட்டேன். "எல்லாம் தெரிஞ்ச கதைதானே, எப்படிடி இப்படி ஒட்டிக்கினு படிக்கிற?"

"தெரிஞ்ச ஆளுங்க தெரியாத மாதிரி நடந்துக்குறாங்கக்கா."

இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது. ஆனாலும் கொஞ்சம் விரிக்கலாம்.

பன்னிரண்டு, பதிமூன்று வயதில் ஒரு பிள்ளைக்கு முதலில் வரும் சந்தேகம், 'பெரியவங்க சொல்றதெல்லாம் சரிதானா?' என்பது. வீட்டில் கேட்டால் அடி விழும். புராணத்திடம் கேட்கலாம். ஏனென்றால் மகாபாரதம் முழுக்கப் பெரியவர்கள் போட்ட சபதங்களும் வாங்கிய சாபங்களும் கொடுத்த வாக்குகளும்தான். அதற்கு விலை கொடுப்பவர்கள் யார் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். சக்கரவியூகத்துக்குள் போகும் வழி மட்டும் தெரிந்து, வெளியே வரும் வழி தெரியாமல் செத்துப்போன அபிமன்யுவுக்கு வயது 16. கர்ணனிடமிருந்த சக்தி ஆயுதம் அர்ஜுனன் மேல் பாயாமல் இருக்க, அதைத் தன் மேல் வாங்கிக்கொண்டு விழுந்தவன் கடோத்கஜன். திரௌபதியின் ஐந்து பிள்ளைகளும் போர் முடிந்த ராத்திரியில் தூங்கும்போதே கொல்லப்பட்டார்கள். ஐந்து பேரின் பெயரையும் சொல்லச் சொன்னால் நம்மில் எத்தனை பேர் சொல்வோம்? நான் திணறினேன்.

சொத்துச் சண்டை அப்பாக்களுடையது, சாவு பிள்ளைகளுடையது. இதைப் பதின்வயதுப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். நாம்தான் நீதிக்கதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அப்பா யார் என்ற கேள்வி இன்னொன்று. பெர்சிக்கும் அருவுக்கும் தகப்பன் தெய்வம். ஆனால் வீட்டில் இல்லாத தகப்பன். நமக்கு இது புதுசா? சூரியன் மகன் கர்ணனை விட்டுவிட்டு நம்மால் பாரதம் பேச முடியுமா? 1964-ல் சிவாஜி, 1991-ல் 'தளபதி' ரஜினி, 2021-ல் தனுஷ் என்று மூன்று தலைமுறைக்கு ஒரு கர்ணன் கிடைத்துக்கொண்டே இருக்கிறான். ஒவ்வொரு முறையும் 'தன் இடம் எது?' என்று தேடும் ஒருவனாகத்தான் வருகிறான். அந்தத் தேடல் வேறு எந்த வயதைவிடவும் பதினைந்து வயதில் கூர்மையாக இருக்கும்.

அடுத்து, ஓரத்தில் நிற்பவர்கள் மேல் விழும் வெளிச்சம். பெரியவர்களுக்கான நாவல்களிலும் இந்த அலை உண்டு. மேடலின் மில்லரின் 'சர்சி' (2018), கிரேக்க இதிகாசத்தில் சில பக்கங்கள் வந்துபோகும் சூனியக்காரியை முழு நாயகி ஆக்கியது. சித்ரா பானர்ஜி திவாகருணியின் 'தி பேலஸ் ஆஃப் இல்யூஷன்ஸ்' (2008) பாஞ்சாலியே சொல்லும் பாரதம். கல்லூரி விடுதிகளில் கைமாறிக்கொண்டே இருந்த புத்தகம் அது. நான் படித்த பிரதியிலும் முதல் பக்கத்தில் வேறு யாரோ ஒருவரின் பெயர்தான் இருந்தது.

சிறுபிள்ளைகள் படிக்க மட்டுமா செய்கிறார்கள்? சம்ஹிதா ஆர்னி தன் எட்டு வயதில் மகாபாரதத்தைத் தன் போக்கில் எழுதவும் வரையவும் தொடங்கினார். அதைச் சென்னையின் தாரா பதிப்பகம் 1996-ல் புத்தகமாகவே கொண்டுவந்தது. பெரியவர்கள் எழுதிய பாரதங்களுக்கு நடுவில் ஒரு குழந்தையின் பாரதம்.

ஆயாவின் பாரதம்

இப்போது ஆயா பக்கம் வருவோம். நியாயமாகப் பார்த்தால், பாரதத்தைத் தன் ஊருக்கு ஏற்றபடி மாற்றிச் சொல்வதில் அட்லாண்டாக்காரர்களுக்கு எங்கள் ஊர்க்காரர்கள் பல நூறு வருடம் மூத்தவர்கள்.

தமிழில் பாரதம் பாடிய வில்லிபுத்தூரார் திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்தவர் என்பார்கள். அதாவது இன்றைய விழுப்புரம், கடலூர் வட்டாரம். ஏறத்தாழ 600 வருடத்துக்கு முந்தைய அந்த நூலைத்தான் திரௌபதி அம்மன் கோயில்களில் மதியத்தில் பாரதப் பிரசங்கி பாட்டுப் பாட்டாகப் பாடி விளக்குகிறார். அன்றைக்குப் பகலில் படித்த பகுதியே ராத்திரி தெருக்கூத்தாக வரும். மாசியில் ஆரம்பித்து ஆடி வரை, ஏதாவது ஒரு ஊரில் நடந்துகொண்டே இருக்கும். பத்து நாள், பதினெட்டு நாள் என்று ஊருக்கு ஊர் கணக்கு மாறும்.

அதில் பிள்ளைகளுக்கு என்றே செய்து வைத்ததுபோலச் சில நாள்கள் உண்டு. பகாசுரன் நாளில், சோற்று வண்டியில் ஏறி உட்கார்ந்து பீமன் ஊர்வலம் வருவான். அர்ஜுனன் தபசு நாளில், உயரமாக நட்ட மரத்தில் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறி, மேலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசுவார் அர்ஜுனன் வேஷக்காரர். கடைசி நாள் காலையில் படுகளம். தரையில் மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் படுத்திருப்பான். அவன் தொடை பிளந்த பிறகுதான் திரௌபதி கூந்தல் முடிவாள். சாயங்காலம் தீமிதி.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை, கதை இன்னும் தூரம் போகும். இங்கத்திய நம்பிக்கைப்படி, திரௌபதி அத்தினாபுரத்தோடு முடிந்துபோனவள் இல்லை. செஞ்சிக்குப் பக்கத்தில் மேலச்சேரியில் மறுபடி அவதரித்து, நூறு தலை அசுரனைக் கொன்று அந்த ராஜாவின் நாட்டைக் காப்பாற்றியவள். அவள் கோயில் வாசலில் காவல் நிற்பவன் போத்துராஜா, கையில் ஒரு தலையைப் பிடித்தபடி. அது யார் தலை? அவன் அப்பாவுடையது. 'போர்மன்னன் சண்டை' என்று ஒரு கூத்தே இருக்கிறது. பாண்டவர்களுக்கு வேண்டிய போர்ச் சாமான்கள் போர்மன்னனின் வீட்டில் இருக்கின்றன. கிருஷ்ணன் கிழவி வேஷம், அர்ஜுனன் பெண் வேஷம் போட்டுப் போகிறார்கள். அர்ஜுனப் பெண்ணின் அழகில் மயங்கிய போர்மன்னன், குறுக்கே நின்ற தகப்பன் தலையையே வெட்டிவிடுகிறான். வெட்டிய தலை கையோடு ஒட்டிக்கொள்கிறது. பிறகு அவன் திரௌபதிக்குக் காவல்காரன் ஆகிறான். பாண்டவர்களின் தங்கை சங்குவதியைக் கல்யாணம் செய்துகொள்கிறான். கூடவே காவலுக்கு நிற்பவர் முத்தால் ராவுத்தர், ஒரு முஸ்லிம் வீரர்.

வியாசரிடம் போய் இதற்கெல்லாம் ஆதாரம் கேட்க முடியாது. ஆனால் அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டெபைட்டல் இந்தக் கதைகளைத் துரத்திக்கொண்டு இங்கே அலைந்து, திரௌபதி வழிபாட்டைப் பற்றித் தடித்தடியாக நூல்கள் எழுதினார். 1988-ல் வந்த முதல் பாகத்தின் தலைப்பே செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை என்று போகும். நாம் 'கூத்துதானே' என்று கடந்துபோனதை அவர் உட்கார்ந்து எழுதினார்.

ரியோர்டன் நாவல்களில் பிள்ளைகளை இழுப்பது அந்தக் கிண்டல் தொனி. உலகம் அழியப்போகும் நேரத்தில் பெர்சி ஒரு ஜோக் அடிப்பான். எங்கள் ஊரில் அந்த வேலையைச் செய்பவன் கட்டியக்காரன். திரைக்குப் பின்னாலிருந்து துரியோதனன் முழங்கிக்கொண்டே வருவான். கிரீடம், புஜக்கட்டை எல்லாம் மின்ன, 'நான் யார் தெரியுமா' என்று பிரதாபம் பாடுவான். கட்டியக்காரன் பக்கத்தில் நின்று கரன்ட் கட், ரேஷன் கடை, உள்ளூர்த் தேர்தல் எல்லாவற்றையும் துரியோதன மகாராஜாவிடம் கேள்வியாகக் கேட்பான். ராஜா பதில் சொல்லியே ஆக வேண்டும். பழைய கதையை இன்றைய பேச்சில் இழுத்துவிடும் இந்த வித்தையைத்தான் இன்று புத்தகமாக அச்சடித்து விற்கிறார்கள். குறைசொல்லவில்லை, நல்லாத்தான் விற்கிறார்கள்.

அரவானுக்கு என்ன வயசு?

கூத்தில் என்னை எப்போதும் தொந்தரவு செய்வது அரவான் களப்பலி. போரில் ஜெயிக்க, களத்துக்கு ஒரு பலி வேண்டும். முப்பத்திரண்டு லட்சணமும் பொருந்திய ஆளாக இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் பாண்டவர் பக்கம் மூன்றே பேர்: கிருஷ்ணன், அர்ஜுனன், அர்ஜுனனுக்கும் நாககன்னிக்கும் பிறந்த அரவான். கிருஷ்ணன் இல்லாமல் போர் இல்லை. அர்ஜுனன் இல்லாமல் ஜெயம் இல்லை. மிச்சம் யார்? பிள்ளைதான்.

வடமொழி பாரதத்தில் இந்தக் களப்பலி கிடையாது. அங்கே இராவான் எட்டாம் நாள் போரில் அரக்கன் கையால் சாகிறான். பலியும், சாகும்முன் கல்யாணம் கட்டிக்கொள்ள அவன் கேட்கும் வரமும் தமிழ் மண்ணில் முளைத்தவை. மறுநாள் சாகப்போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கிருஷ்ணனே மோகினியாகி ஒரு ராத்திரிக்கு மனைவி ஆகிறான். இந்தக் கதைதான் உளுந்தூர்பேட்டைப் பக்கம் கூவாகத்தில் ஒவ்வொரு சித்திரையிலும் கூத்தாண்டவர் திருவிழாவாக நடக்கிறது. நாடெங்கிலுமிருந்து வரும் திருநங்கைகள் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் தேர் போய் அழுகளத்தில் தாலி அறுத்து, வெள்ளைப் புடவை உடுத்தி அழுகிறார்கள். 2019 நவம்பருக்குப் பிறகு கூவாகம் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குப் போய்விட்டாலும், 'மிஸ் கூவாகம்' போட்டிக்கு விழுப்புரம்தான் என்பது வழக்கமாகிவிட்டது.

யோசித்தால், ஒரு சமூகம் தன்னை எங்கேயும் காணாதபோது, பழைய கதைக்குள் தனக்கு ஒரு இடம் கண்டுபிடித்து, அதை வருஷா வருஷம் ஊரறிய நடத்திக் காட்டுகிறது. புராணத்தைத் திருப்பிச் சொல்வது ஏன் முக்கியம் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை.

அரவான் கதையைத் தங்கச்சி இதுவரை முழுசாகக் கேட்டதே இல்லை. சொன்னதும் அவள் கேட்ட முதல் கேள்வி: "அவன்கிட்ட கேட்டாங்களாக்கா, இல்ல அவங்களே முடிவு பண்ணிட்டாங்களா?" கேட்டார்கள், அவனும் சம்மதித்தான் என்றேன். "அப்பா நிக்கிறாரு, கிருஷ்ணர் நிக்கிறாரு, எப்டி வேணாம்னு சொல்லுவான்?" என்றாள். பதில் சொல்ல வாய் வரவில்லை.

யார் உட்கார்ந்து கேட்கலாம்?

'எல்லோருக்குமான கதை' என்று பாரதத்தைச் சொல்கிறோம். விழுப்புரத்துக்குப் பக்கத்தில் மேல்பாதி கிராமத்தில் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயில் இருக்கிறது. 2023 ஏப்ரலில் திருவிழாவின்போது கோயிலுக்குள் நுழைந்த தலித் இளைஞர் தாக்கப்பட்டார். பேச்சுவார்த்தைகள் பலனில்லாமல் அந்த ஜூனில் கோயிலுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். 2024 மார்ச்சில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி பூஜைக்காக மட்டும் திறந்தது. தலித் மக்கள் போலீஸ் பாதுகாப்போடு உள்ளே போய்க் கும்பிட 2025 ஏப்ரல் ஆனது. இரண்டு வருடம்! சபையில் நின்று 'நியாயம் எங்கே?' என்று கேட்டவளின் கோயில் அது.

இதை ஏன் இங்கே இழுக்கிறேன் என்றால், புத்தகம் என்பதற்கு ஒரு தனி நியாயம் இருக்கிறது. அதைத் திறக்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். கூத்து எத்தனை அற்புதமானதாக இருந்தாலும் அது ஊர்த் திருவிழாவோடு கட்டப்பட்டது. ஊர் என்றால் யார் யார், வரி யாரிடம் வாங்குவது, யார் எங்கே நிற்பது என்ற கணக்கெல்லாம் அதோடு வரும். பாயில் குப்புறப் படுத்துப் படிக்கிற பெண்ணிடம் அந்தக் கணக்கை யாரும் கேட்க முடியாது. கூத்தைப் பற்றி ஏக்கத்தோடு எழுதும்போதெல்லாம் இந்த வித்தியாசத்தை நான் எனக்கே ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆனா அந்தப் புத்தகம் இங்கிலீஷில் இருக்கிறது. சில நூறு ரூபாய் விலை. தங்கச்சி இங்கிலீஷ் மீடியம், சித்தப்பாவுக்கு மாதச் சம்பளம். அதே தெருவில் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படிக்கும் அவள் தோழிக்கு?

தமிழில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது, பெரியவர்களுக்கு. இந்த விஷயத்தில் எங்கள் பக்கம் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். தமிழில் புராண மறுகதை என்றாலே முதலில் நினைவுக்கு வரும் 'சாபவிமோசனம்' எழுதிய புதுமைப்பித்தன் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில். தாசில்தார் அப்பாவின் வேலையால் ஆரம்பப் பள்ளி படித்தது செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சியில். 1943-ல் வந்த அந்தக் கதையில், ராமன் சீதையை நெருப்பில் இறங்கச் சொன்னான் என்று கேள்விப்பட்டதும் அகலிகை மறுபடி கல்லாகிவிடுகிறாள். 'சர்சி'க்கு 75 வருடம் முன்னால்! திண்டிவனம் என்ற பெயர் புளியங்காட்டைக் குறிக்கும் 'திந்திரிணி வனம்' என்பதிலிருந்து வந்தது என்பார்கள். அந்தப் புளியங்காட்டு ஊரில் அந்தச் சிறுவன் ஒருநாளாவது கூத்துப் பார்த்திருப்பானா என்று நினைத்துக்கொள்வேன். என் ஆசை, அவ்வளவுதான்.

பைரப்பாவின் கன்னட நாவல் 'பர்வ'வைத் தமிழில் 'பருவம்' ஆக்கி, 2005-க்கான சாகித்ய அகாடமி மொழிபெயர்ப்புப் பரிசு வாங்கிய பாவண்ணன், விழுப்புரத்துக்குப் பக்கத்து வளவனூர்க்காரர். பீமன் கண்ணால் பாரதம் பார்க்கும் எம்.டி.வாசுதேவன் நாயரின் நாவலை 'இரண்டாம் இடம்' என்று கொடுத்தவர் பக்கத்து மாவட்டத்துக் குறிஞ்சிவேலன். எஸ்.ராமகிருஷ்ணனின் 'உபபாண்டவம்' இருக்கிறது. ஜெயமோகன் 2014 ஜனவரி 1-ல் தொடங்கி 2020 ஜூலை வரை தினம் ஒரு அத்தியாயமாக எழுதிய 'வெண்முரசு' 26 நாவல்கள். கல்லூரி வந்த பிறகு இதில் இறங்கலாம். பதிமூன்று வயதில் முடியாது.

சின்னப் பிள்ளைகளுக்கு ராஜாஜி எழுதியவை உண்டு. 1947-லிருந்து வந்த 'அம்புலிமாமா' எத்தனையோ பேருக்கு முதல் புராண வகுப்பு. பள்ளிக்கல்வித் துறையின் 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்களும் வாசிப்பு இயக்கப் புத்தகங்களும் இப்போது அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கையில் கிடைக்கின்றன. நல்ல விஷயம். ஆனால் இவற்றுக்கும் 'வெண்முரசு'க்கும் நடுவில், ஏழாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை, ஒரு பெரிய பள்ளம். அந்த வயதுக்கென்று, அந்த வயதின் பேச்சில், கோபத்தோடும் கிண்டலோடும் எழுதப்பட்ட புராண நாவல் தமிழில் கைவிட்டு எண்ணும்படிகூடத் தேறவில்லை. அந்த வகைக்கு நம்மிடம் நிலைத்த பெயர்கூட இல்லை. 'இளையோர் நாவல்' என்று சொன்னால் கடைக்காரர் காதல் கதையை எடுத்து நீட்டுகிறார்.

எழுதக் கதைக்கா பஞ்சம்? சங்குவதி ஒருத்தி போதுமே. ஐந்து அண்ணன்களுக்கு ஒரு தங்கை, அப்பா தலையைக் கையில் வைத்திருக்கிறவனுக்கு மனைவி. அவள் பக்கத்தை யாராவது கேட்டிருக்கிறோமா? புராணம் இல்லை, வரலாறுதான் வேண்டும் என்றால் செஞ்சிக்கோட்டையில் தேசிங்கு ராஜா இருக்கிறான். 1714-ல் ஆற்காடு நவாப்பை எதிர்த்து இளவயதிலேயே செத்தவன்.

பிள்ளைகளால் இதைத் தூக்கிச் சுமக்க முடியுமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காஞ்சிபுரம் பக்கத்தில் பி.ராஜகோபாலும் ஹன்னா டி ப்ரூனும் கட்டைக்கூத்துச் சங்கத்தின் மூலம் 2002-ல் ஒரு குருகுலம் தொடங்கி, பள்ளிப் படிப்போடு கூத்தும் சொல்லிக்கொடுத்தார்கள். ஆண்களே பெண் வேஷம் கட்டிவந்த கலையில் அங்கே பெண் பிள்ளைகளும் கிரீடம் கட்டி ராஜா வேஷம் போட்டார்கள். ராத்திரி முழுக்க ஆடவும் செய்தார்கள்.

வீட்டில் உங்கள் பிள்ளை இப்படி ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தால், 'இது தப்பான பாரதம்' என்று பிடுங்காதீர்கள். எது மாற்றப்பட்டது என்று கேளுங்கள். மூலக் கதையை அவர்களே தேடிப் போவார்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆனது. புறாவான சகுனியைப் பற்றிச் சண்டை போட்ட ஆயாவே, அந்த வாரம் பக்கத்து ஊர்க் கூத்துக்குப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போனார். நானும் போனேன். போர்வை, ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு பொட்டலம் கடலை.

ராத்திரி ரெண்டு மணிக்குத் தங்கச்சி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். விடியும் நேரத்தில் முகவீணைச் சத்தத்தில் எழுந்து, கோயில் வாசலில் தலையைப் பிடித்து நின்ற போத்துராஜாவைக் காட்டி ஆயாவிடம் கேட்டாள், அது யார் என்று. பஸ் வரும்வரை ஆயா அந்தக் கதையைச் சொன்னார். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, "பாண்டவருக்குத் தங்கச்சி இருந்தாளா ஆயா? எனக்கு யாருமே சொல்லலியே" என்றாள்.

போன மாதம் போன் பண்ணியபோது, ரஃப் நோட்டின் பின்பக்கத்தில் எழுதியிருப்பதாகச் சொல்லி இரண்டு வரி படித்துக் காட்டினாள். 'எனக்கு அண்ணனுங்க அஞ்சு பேர். என் கல்யாணத்தப் பத்தி எல்லாரும் பேசுனாங்க, என்கிட்ட மட்டும் பேசல.'

அப்புறம்? என்றேன்.

"அப்புறம் இன்னும் எழுதலக்கா. ஸ்கூல் தெறந்துட்டாங்க."